ஒன்றும் நடக்கவில்லை

துவாஸில், விடியுமுன் ஐந்தே கால்.
இரண்டாம் பாலத்தில் நெரிசல் என்று
கைப்பேசி ஏழு முறை அதிர்கிறது.
ஜொகூரிலிருந்து வரும் ஏழு பேரும்
ஒரே பேருந்துக்குள், நின்றபடி,
கடலுக்கு மேலே.

இங்கே
மூன்றாம் எண் இஸ்திரி உருளை
இரண்டு முறை இருமிவிட்டு நின்றுவிட்டது.
பதினொன்றுக்குள் மரினா பக்கத்து ஓட்டலுக்கு
இரண்டாயிரத்து நானூறு படுக்கை விரிப்புகள் போகவேண்டும்.
ஈரமாய் ஒரு வெள்ளை மலை
தள்ளுவண்டிகளில் காத்திருக்கிறது.

மாலை வகுப்பில் டிப்ளோமா படித்தபோது
நீல மையில் எழுதியிருக்கிறேன், ஐந்து மதிப்பெண்ணுக்கு:
நிர்வாகம் என்பது பிறரைக் கொண்டு வேலையை முடிப்பது.
அது இடைவிடாதது. குறிக்கோள் உடையது.
கண்ணுக்குத் தெரியாதது.
நாலரை போட்டார்கள்.
அந்த அரை மதிப்பெண் எங்கே போனதென்று
பதினோரு வருடமாய்
இந்தச் சலவைத் தளத்தில் தேடுகிறேன்.

பிறர் என்றால், முதலில் ரொஃபிக்குல்.
துண்டு மடிக்கும் வேலை என்று தாளில் இருக்கிறது;
உருளையில் காது வைத்து
"பேரிங், அக்கா" என்கிறான்
மெக்கானிக் வந்து சொல்வதற்கு ஒன்றரை மணி நேரம் முன்பே.
பிறகு ரோஹாயா.
அவள் கைவேகம் இந்தத் தளத்தில் யாருக்கும் இல்லை.
வலது தோள் போய்க்கொண்டிருக்கிறது.
முடியுமா என்று கேட்டால் "போலே" என்பாள்.
மலாயில் அதற்கு முடியும் என்று பொருள்.
தமிழில், மாதிரி.
முடியும் மாதிரி இருக்கிறது என்றுதான்
நான் எழுதிக்கொள்வேன்.

எனக்குக் கை அரிக்கிறது.
இறங்கிப்போய் நாலு விரிப்பு மடித்தால்
தலைக்கனம் இல்லாதவள் என்று பெயர் வரும்.
முன்பொருமுறை மடித்தேன்.
நாற்பது நிமிடம் மிக நல்லவளாக இருந்தேன்.
அதற்குள் ஒரு மருத்துவமனையின் சீருடைகள்
செந்தோசா லாரியில் ஏறி
கடற்கரை விடுதிக்குப் போய்ச் சேர்ந்தன.

அதனால் மடிக்கவில்லை.
தொலைபேசியை எடுத்து
ஓட்டலின் செரீன் டேயிடம் உண்மையைச் சொல்கிறேன்:
பதினொன்றுக்கு ஆயிரத்து அறுநூறு. மீதி இரண்டு மணிக்கு.
எந்த மாடிகள் தாமதமாய்க் காலியாகும்?
அந்தப் பக்கம் மௌனம்.
ஒரு லிஃப்ட் திறந்து மூடும் சத்தம்.
"பதினைந்துக்கு மேலே" என்கிறாள்.
எண்ணூறு விரிப்புகளின் பாரம்
அந்த இரண்டு சொல்லில் இறங்கியது.

ரொஃபிக்குல் முதல் உருளைக்கு.
துண்டுகள் காத்திருக்கட்டும், அவற்றுக்கு விருந்தாளிகள் மாலையில்தான்.
ஏழு பேர் வந்து சேர்ந்தபோது எட்டரை.
திட்டவில்லை; கடலை யாரால் திட்ட முடியும்?
தேநீர், பத்து நிமிடம், பிறகு வரிசை.

ஒன்பதரைக்கு மிஸ்டர் கோ வருகிறார்
கையில் பையில் தொங்கும் கோப்பி-ஓவோடு.
அவருடைய வரைபடத்தில் ஒரே கோடு:
ஒரு ஆள், ஒரு மணி, எத்தனை கிலோ.
அவரைக் குற்றம் சொல்லமாட்டேன்,
அந்தக் கோடு படுத்துவிட்டால்
எங்கள் எல்லோருக்கும் சம்பளம் இல்லை.
போன வருடம் அது சாய்ந்தபோது
பட்டியலில் இரண்டு பெயர்களை அடித்தது
இதே பென்சில்.
அதுவும் நிர்வாகம்தான்.
அதற்கு யாரும் மதிப்பெண் குறைக்கவில்லை.

"ஏதாவது?" என்கிறார்.
"ஒன்றும் இல்லை."
தலையாட்டிவிட்டுப் போகிறார்.
நான் செய்து முடித்த பொருள் இதுதான்:
ஒன்றும் நடக்காத ஒரு காலை.
எடை போடமுடியாது,
லாரியில் ஏற்றமுடியாது.

குறிக்கோள்கள் என்று பாடத்தில் மூன்று இருந்தன:
லாபம், வாடிக்கையாளர், வளர்ச்சி.
ஒரு தோள்பட்டையை
எதன் கீழ் எழுதுவது?

மாலை. பதிவேட்டைத் திறக்கிறேன்.
உருளை மூன்று, பேரிங், புதிது சொல்லியாகிவிட்டது.
துண்டுகள் அரை மணி தாமதம், புகார் இல்லை.
நாளை: ரோஹாயா, எண்ணும் மேசை, உட்கார்ந்து.
அவளிடம் கேட்டால்
"போலே, போலே" என்று
மறுபடி உருளைக்கே போய்விடுவாள்.

கேட்கவில்லை.
பேனாவில் எழுதிவிட்டேன்.